மாற்றாத தண்ணீர்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், மழை முடிந்த மாதங்களில் தாமரையோ அல்லியோ பூத்த குட்டை ஒன்றிரண்டு கண்ணில் படாமல் போகாது. இறங்கிக் கிட்டப் போய்ப் பார்த்தால், இலைகளுக்கு நடுவில் தண்ணீர் தெளிந்து கிடக்கும். குனிந்தால் தண்டு நெடுந்தூரம் உள்ளே போவது தெரியும். அந்தத் தண்ணீரை யாரும் இறைத்துக் கொட்டுவதில்லை. இலை விழுந்து அழுகுகிறது, மாடு இறங்குகிறது, கொக்கு எச்சமிடுகிறது. இருந்தும் தெளிவு.

ஏனாத்தூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், துணி துவைக்கிற கல்லுக்கும் வாழைக்கும் இடையில், நான் முதன்முதலாகத் தண்ணீர்த் தோட்டம் வைத்தபோது நடந்தது வேறு. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, அடியில் மண் போட்டு, ஒரு தாமரைக் கிழங்கை நட்டு, மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்தேன். ஒன்பது நாள் அடித்தரை தெரிந்தது. பத்தாம் நாள் காலையில், கீரை கடைந்த சட்டியைக் கழுவிய தண்ணீர் மாதிரி பச்சை. முழுவதையும் மொண்டு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன். இந்த முறை எட்டாம் நாளே பச்சையானது. மறுபடியும் மாற்றினேன். ஆறாம் நாள் பச்சை.

வீட்டில் தொட்டி வைத்தவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு நாளில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். மாற்றாத குட்டை தெளிந்திருக்கிறது. மாற்றிக்கொண்டே இருக்கும் தொட்டி பச்சையாகிறது, அதுவும் முன்னைவிடச் சீக்கிரமாக. ஏன்?

பத்தாம் நாள்

பச்சைக்குக் காரணம் அழுக்கு அல்ல. ஒரே ஓர் உயிரணுவால் ஆன, தண்ணீரில் தொங்கியபடியே வாழ்ந்து முடிக்கும் மிக நுண்ணிய பாசி அது. இதை மிதவைப்பாசி என்று வைத்துக்கொள்வோம். சுவரில் வழுக்கும் பாசியும், நூல் நூலாகத் திரளும் பாசியும் இதன் உறவுகள்தாம், ஆனால் தண்ணீரையே பச்சையாக்குவது மிதவைப்பாசி. காற்றில் வரும் தூசி, குருவியின் கால், கிழங்கில் ஒட்டிய சேறு என்று ஏதோ ஒரு வழியில் எந்தத் தொட்டிக்கும் அது வந்து சேரும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஊசிமருந்துக் குழலில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்தால் அதில் முதல் நாள் 1,000 பாசி உயிரணுக்கள் இருக்கின்றன. வெயிலும் உணவும் கிடைத்தால் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கிறது. மறுநாள் 2,000, அடுத்து 4,000, அடுத்து 8,000. பத்து முறை இரட்டித்தால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஏறக்குறைய அந்த நெருக்கத்தில்தான் நம் கண்ணுக்கு நன்றாகப் பச்சை தெரிகிறது. ஏழாவது இரட்டிப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். அதைக் கண் தெளிந்த தண்ணீர் என்றே கொள்ளும். "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்று நாம் சொல்வது உண்மையும் கூட. பாசி என்னவோ முதல் நாளிலிருந்தே ஒரே வேகத்தில்தான் பெருகிக்கொண்டிருந்தது.

இப்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுகிறோம். டிரம்மின் சுவரிலும் மண்ணிலும் இலையடியிலும் ஈரமாக ஒட்டிக்கொண்டது போகாது. ஆகவே புதுத் தண்ணீர் 1,000 உயிரணுக்களோடு தொடங்குவதில்லை, 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரட்டிப்புகள் மிச்சம். பத்து நாள் எட்டாகிறது. அடுத்த முறை 16,000 என்றால் எட்டு நாள் ஆறாகிறது. என் டிரம்மில் நடந்தது இந்தக் கணக்குதான்.

மாற்றுவதால் வரும் கெடுதல் அதோடு நிற்கவில்லை. வயல் சூழ்ந்த ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உரத்தின் எச்சமாக நைட்ரேட் கலந்திருப்பது உண்டு. அது பாசிக்குப் பந்தி. பச்சையாகிப்போன பழைய தண்ணீரில் அந்த உணவில் பெரும்பகுதியைப் பாசி ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். நாமோ புதுத் தண்ணீர் பிடித்து மறுபடி இலை போடுகிறோம்.

வெள்ளை மூடியும் நூலும்

மூன்றாம் முறை பச்சையானபோது மாற்றவில்லை. பச்சையை அப்படியே விட்டு, இரண்டு கைப்பிடி ஹைட்ரில்லா கொடியை உள்ளே போட்டேன். ஏரியில் இறங்கினால் காலைச் சுற்றுமே, அந்தக் கொடிதான். வேரை எங்கும் ஊன்ற வேண்டியதில்லை, மிதந்தபடியே வளரும். மேலே கொசுவலையைக் கட்டினேன். பிறகு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதுதான் கடினமாக இருந்தது.

1865இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், கப்பலிலிருந்து வெள்ளை வட்டத்தட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று அளந்தார். நீரின் தெளிவை அளக்க உலகம் முழுவதும் இன்றும் அந்தத் தட்டுதான் ஏரிகளில் இறங்குகிறது. நான் ஊறுகாய் ஜாடியின் வெள்ளை மூடியில் ஒரு கல்லைக் கட்டி, நூலில் தொங்கவிட்டேன். முதல் வாரம் அது நான்கு விரற்கடை ஆழத்திலேயே மறைந்தது. மூன்றாம் வாரம் ஒரு சாண். ஐந்தாம் வாரம் அடியில் போய் உட்கார்ந்தபோதும் மூடியின் விளிம்பு தெரிந்தது.

அந்த ஐந்து வாரத்தில் என்ன நடந்தது? முதலில் வெளிச்சம் குறைந்தது. தாமரையின் மிதக்கும் இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து வெயிலை மேலேயே தடுத்துக்கொண்டன. தண்ணீர்ப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இலை மூடினால் மிதவைப்பாசியின் கொட்டம் அடங்கத் தொடங்கும். இரண்டாவது, உணவு. ஹைட்ரில்லா தன் இலையாலும் தண்டாலும் தண்ணீரில் கரைந்திருப்பதை நேராகவே உறிஞ்சும். பாசி சாப்பிடுவதையே அதுவும் சாப்பிடுகிறது. அழுகும் இலையிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியாவை மண்ணிலும் சுவரிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அது செடிக்கு நல்ல உணவு. இந்த இரண்டு படி வேலையை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டு சொன்னவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுகிறவை. ஒரு புதுத் தொட்டியில் அவை ஆள்கட்டு சேர்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீரை மாற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்த நாள்கணக்கைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறோம்.

மூன்றாவது ஆளை நேரில் பார்க்கலாம். நான்காம் வாரம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். கடுகில் பாதிகூட இல்லாத வெளிர்ப் புள்ளிகள், தத்தித் தத்தி, ஒரு துள்ளல் ஒரு நிறுத்தம் என்று நீந்தின. இவை நீர்த்தெள்ளுகள். பெயர்தான் தெள்ளு, யாரையும் கடிக்காது. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டி மிதவைப்பாசியைத் தின்பது அதன் பிழைப்பு. பாசி பெருகினால் தெள்ளு பெருகும், பாசி குறைந்தால் தெள்ளு குறையும். பச்சைத் தண்ணீரைக் கொட்டியபோதெல்லாம் இந்தக் கூட்டத்தையும் சேர்த்தல்லவா வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்!

மஞ்சள் சொல்லும் சேதி

டிரம் தெளிந்த தைரியத்தில் பெரிய தொட்டிக்குப் போனேன். கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகள், நான்கடி விட்டம், ஓரடி உயரம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இணைப்பைப் பூசி, அடியில் காங்கிரீட் போட்டாயிற்று. ஒன்றரை அடிக்கு நீர் நிரப்பினால் சுமார் 500 லிட்டர் பிடிக்கும். மோட்டார், ஃபில்டர் எதுவும் இல்லை.

காங்கிரீட் காய்ந்ததும் தண்ணீர் பிடித்து, நான்காம் நாள் ஆறு சிறு மீன்களை விட்டேன். மறுநாள் காலை ஆறும் மிதந்தன. புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரைக் கடுமையான காரமாக்கிவிடும் என்பது படித்துத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அவசரப்பட்டேன். அந்த மீன்களுக்கு நான் பொறுப்பு.

சுண்ணாம்பு கசிகிறதா என்று பார்க்க நம் வீட்டிலேயே கருவி இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல். வெள்ளைத் துணியில் மஞ்சளைக் குழைத்துத் தேய்த்துக் காயவைத்து, ஒரு துண்டு கிழித்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தேன். செங்காவியாக மாறியது. தொட்டியை நிரப்பி நான்கு நாள் ஊறவிட்டுக் கொட்டினேன். இப்படி ஐந்து முறை. ஐந்தாம் முறை துணி மஞ்சளாகவே இருந்தது. செடி வைப்பதற்கு முன் தொட்டியை மாற்றி மாற்றி நிரப்ப வேண்டிய காலம் இது ஒன்றுதான். சோதனையைக் காலையில் செய்யுங்கள். பாசி நிறைந்த தண்ணீர் பிற்பகலில் தானாகவே சற்றுக் காரமாகும், அது உங்களைக் குழப்பிவிடும்.

விதை, கிழங்கு, களிமண்

தாமரை விதையின் மேலோடு கல் மாதிரி. சீனாவின் வடகிழக்கில் வறண்டுபோன ஏரிப்படுகை ஒன்றிலிருந்து கிடைத்த சுமார் 1,300 ஆண்டுப் பழைய விதையை, கலிபோர்னியாவில் ஜேன் ஷென்-மில்லர் என்ற அறிவியலாளரின் குழு முளைக்க வைத்து 1995இல் அறிவித்தது. அவ்வளவு காலம் தண்ணீர் உள்ளே போகவிடாமல் காத்த ஓடு அது. நம் தொட்டியில் அப்படியே போட்டால் நம் காலத்தில் முளைக்காமலும் இருக்கலாம்! விதையின் கூர்முனையை விட்டுவிட்டு, குழிந்த முனையை உப்புத்தாளில் தேயுங்கள். கறுப்பு ஓட்டுக்கு அடியில் வெளிர்மஞ்சள் பருப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். டம்ளர் தண்ணீரில் போட்டு, வெயில்படும் சன்னலில் வைத்து, தினமும் அந்த டம்ளர் நீரை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் இரு மடங்கு உப்பும். ஐந்தாறு நாளில் பச்சை முளை வளைந்து வெளியே வரும். பூஜைக் கடையில் விற்கும் தாமரைமணி மாலையிலிருந்து எடுத்து முயல வேண்டாம். துளையிடும்போதே கரு போய்விட்டது. நாட்டுமருந்துக் கடையில் முழு விதை கேட்டு வாங்குங்கள்.

விதையிலிருந்து வந்த செடி பூக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்குக் கிழங்கு. மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. கிழங்கின் நுனிக்குருத்து முறிந்தால் அந்தக் கிழங்கு பெரும்பாலும் போயிற்று, ஆகவே குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். படுக்கை வாட்டில் வைத்து, குருத்து மட்டும் வெளியே தெரிய மண்ணை மூடுங்கள். நடும் பாத்திரம் வட்டமாக இருக்கட்டும். கிழங்கு விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். சதுரப் பாத்திரத்தின் மூலையில் குருத்து முட்டி நின்றுவிடும். நான் அகலமான பழைய பிளாஸ்டிக் அன்னக்கூடையில் நட்டு, அதைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

மண் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ரோஜாவுக்குப் போடுவது போல மட்கிய உரமும் தேங்காய்நார்த் தூளும் கலந்து போட்டால், நார் மிதக்கும், உரம் கரைந்து பாசிக்குப் போகும். வேண்டியது ஏரி வண்டல். பிசைந்தால் கையில் ஒட்டும் களிமண். களித்துகள்கள் உணவுச் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு வேர் கேட்கும்போது கொடுக்கும். மேலே இரண்டு விரல் உயரம் ஆற்றுமணல். பூக்கும் காலத்தில் ஒரு கைப்பிடி எலும்புத்தூளைக் களிமண்ணில் உருட்டி, வேரடியில் ஆழமாகப் புதைப்பேன். மண்ணுக்குள் இருக்கும் சத்து தாமரைக்கு, தண்ணீரில் கரைந்த சத்து பாசிக்கு. எதைப் போடும் முன்னும் இதை நினைத்துக்கொண்டால் போதும்.

தொட்டி விளிம்பில் செங்கல் அடுக்கி, அதன்மேல் சின்னச் சட்டிகளில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, வசம்பு வைத்தேன். வேர் மட்டும் நீரில் நனைந்தால் போதும் இவற்றுக்கு. தண்ணீரில் மிஞ்சும் சத்தை உறிஞ்சித் துவையலுக்கும் கூட்டுக்கும் தருகின்றன.

சேற்றுக்குள் ஒரு மூச்சு

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அத்திவரதரைச் சொல்லத் தேவையில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திமரத் திருமேனி, 40 ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளும். 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம். மரம் இத்தனை காலம் நீருக்கடியில் எப்படி இருக்கிறது என்று வரிசையில் நின்ற பலரும் வியந்திருப்பார்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். குளத்தின் ஆழத்திலும் சேற்றிலும் அது அரிதினும் அரிது. மூழ்கிய மரம் கெடாமல் நிற்க முக்கியக் காரணம் அதுதான்.

ஆனால் அதே சேறு தாமரைக் கிழங்குக்கு ஆபத்து. கிழங்கு உயிருள்ளது, அதற்கு மூச்சு வேண்டும். ஆக்சிஜனே இல்லாத களியில் புதைந்துகொண்டு அது எப்படிப் பிழைக்கிறது?

தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வட்டமாக அடுக்கிய துளைகள் தெரியும். அவை கிழங்கு வரை ஓடும் காற்றுக் குழாய்கள். அல்லி இனச் செடி ஒன்றில் அந்தக் குழாய்களுக்குள் காற்று வீசுகிறது என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்த ஜான் டேசி 1980இல் காட்டினார். வெயிலில் சூடாகும் இளம் இலைக்குள் நுண்துளைகள் வழியே காற்று நுழைகிறது, அதே வேகத்தில் வெளியேற முடியவில்லை. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைத் தண்டு வழியாகக் கிழங்குக்குத் தள்ளி, முதிர்ந்த இலைகள் வழியாக வெளியே அனுப்புகிறது. பின்னர் தாமரையை ஆராய்ந்தவர்கள், அதில் இலையின் நடுவிலுள்ள வெளிர் வட்டமே காற்று வெளியேறும் வாசல் என்று கண்டார்கள். இதை உள்காற்று என்று சொல்லலாம்.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். முதிர்ந்த தாமரை இலை ஒன்றை நீண்ட தண்டோடு பறித்து, இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, தண்டின் வெட்டு முனையை வாயில் வைத்து ஊதுங்கள். இலையின் நட்டநடுவிலிருந்து குமிழ்கள் பொலபொலவென்று கிளம்பும். ஜப்பானில் இதைத் திருப்பிச் செய்கிறார்கள். இலையை மேலே ஏந்தி அதில் மதுவை ஊற்றி, நடுவில் துளையிட்டு, தண்டின் அடிமுனையிலிருந்து உறிஞ்சிக் குடிப்பது அங்கே ஒரு கோடை விழா வழக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு ஞாயிறு முழுக்க என் தொட்டியைச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள். நான்கு இலை போயிற்று. போகட்டும் என்றே இருந்தேன்.

பராமரிப்பில் இந்த உள்காற்றை அறிந்திருப்பதற்கு நேரடிப் பயன் உண்டு. பழுத்த இலையைக் கழிக்கும்போது தண்டை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். வெட்டினால் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும், கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். நீருக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டுங்கள்.

"கொசு வராதாப்பா?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "ஏம்பா, இம்மாந் தண்ணிய கட்டி வெச்சிக்கிறியே, கொசு வராதா?"

"மீன் உட்டிருக்கேன் பெரிம்மா. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். சோற்றுப் பருக்கை ஒன்றைப் போட்டார். மீன்கள் மொய்த்தன. "அப்ப சரி" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊர் வெக்கையில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டோரத்தில் தேங்கிய சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். ஆகவே கொசுப்புழுவைத் தின்ன ஆள் இல்லாத தொட்டியை ஒரு வாரம்கூடத் திறந்து வைக்கக் கூடாது. முதல் மாதம் கொசுவலை கட்டியது இதனால்தான். அப்போதே மீன் விட்டால் அவை நீர்த்தெள்ளையும் தின்று தீர்த்துப் பாசிக்கு வழிவிடும். தண்ணீர் தெளிந்த பிறகு நான் விட்டது வயல் வாய்க்காலில் பிடித்த சிறுமீன்கள், தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னுகிறவை. நீர்மட்டத்துக்கு அடியிலேயே நின்று, மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழுவை லபக்கென்று பிடிக்கும். 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த காம்பூசியா மீனைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது கொசுப்புழுவோடு நாட்டு மீனின் முட்டையையும் தவளைக்குஞ்சையும் தின்னும். எனக்கு அது வேண்டாம். தட்டான்கள் தாமே வந்து முட்டையிட்டன. அவற்றின் இளம்புழுக்களும் கொசுப்புழு வேட்டைக்காரர்கள்தாம்.

மீன் ஆறு எட்டு போதும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். 500 லிட்டர் தொட்டி முழுவதிலும் 4 கிராமுக்குக் குறைவு. இரவில் செடிகளும் பாசியும் ஆக்சிஜன் வெளியிடுவதில்லை, எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், கூட்டம் அதிகம் என்று அர்த்தம். தீனி தனியாகப் போடவே வேண்டாம். போடும் தீனி அத்தனையும் ஒரு நாள் பாசியாகத்தான் வரும்.

உப்புக் கணக்கு

தொட்டி அமைந்து, பூவும் வந்தபின், முதல் கோடையில் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று படிந்தது. சில இலைகளின் ஓரம் கருகியது. தண்ணீர் குறையக் குறைய மோட்டார் நீரை ஊற்றி மட்டத்தைச் சரியாக வைத்திருந்தேனே, பிறகு என்ன குறை?

கூட்டிப் பார்ப்போம். நான்கடி விட்டத் தொட்டியின் நீர்ப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். சித்திரை வெயிலில் நாளைக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால் 8 லிட்டர், அதாவது பிளாஸ்டிக் குடத்தில் அரைக்குடம். அரைக்குடம் ஊற்றி ஈடு செய்கிறோம். ஆனால் ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர். ஊற்றுவது உப்போடு சேர்ந்த தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் 6 கிராமுக்கு மேல் தொட்டியில் தங்குகிறது, ஒரு பெரிய தேக்கரண்டி. மாதத்துக்கு 190 கிராம். தொட்டியில் முதலில் இருந்த உப்பு மொத்தமே 400 கிராம்தான். ஆக, இரண்டு மாதத்தில் உப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. அதில் ஒரு பகுதி சுண்ணமாகப் படிவதுதான் அந்த வெள்ளைக் கோடு.

இதற்கும் முழுத் தண்ணீரையும் மாற்றுவது வைத்தியம் அல்ல. வாரம் ஒரு முறை நான்கு குடம், அதாவது 60 லிட்டர், மொண்டு வாழைக்கும் மல்லிக்கும் ஊற்றிவிட்டு அதே அளவு புதிது சேர்க்கிறேன். தொட்டியில் எட்டில் ஒரு பங்குதான் இது. தெள்ளும் பாக்டீரியாவும் அசையாது. தினசரி அரைக்குடத்தோடு இதையும் சேர்த்துக் கணக்கிட்டால் உப்பு எத்தனை மாதம் போனாலும் இரு மடங்கைத் தாண்டாது. வாழைக்கு மீன் கழிவின் நைட்ரேட் இலவசம்.

உண்மையான மருந்து ஐப்பசியில் வருகிறது. மழை நீரில் உப்பு மிகச் சொற்பம். 10 சதுர மீட்டர் மாடித்தளத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர், என் தொட்டியின் முழுக் கொள்ளளவு. வடகிழக்குப் பருவமழையின் முதல் மழையில் தளத்து அழுக்கு கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு வரும் மழையின் குழாயைத் தொட்டிக்குத் திருப்பி வைப்பேன். மீன் வெளியே போகாமல் வழியும் இடத்தில் வலை. பழைய உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போய்விடும். குட்டைகளில் ஆண்டுதோறும் நடப்பது இதேதான். மழைக்குப் பிறகு அவை அவ்வளவு தெளிந்து கிடப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

மார்கழிக் குளிரில் இலை குறையும். நிழல் குறைவதால் தை மாதம் தண்ணீர் மறுபடி கொஞ்சம் பச்சை காட்டும். பயப்பட வேண்டாம், வெள்ளை மூடியை இறக்கி அளந்துகொண்டு காத்திருங்கள். மாசியில் அன்னக்கூடையைக் கவிழ்த்து, நெருங்கிப்போன கிழங்குகளைப் பிரித்து, புது வண்டலில் நடுவது ஆண்டுக்கு ஒரு முறை வேலை.

ஏரி வாரியம், தோட்ட வாரியம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காகப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்தத் தேர்தல் எதற்கு என்பதை நான் அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். தேர்ந்தெடுத்தது ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, தண்ணீரைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் பொறுப்பாக ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இந்த மண்ணில் சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வூர் ஏரிக்குக் கல்வெட்டில் வைரமேகத் தடாகம் என்று பெயர்.

அந்த ஏரிகளை எண்ணித்தான் கடைசியாக ஒன்று கேட்கிறேன். தொட்டி செழித்துவிட்டால் கிழங்கும் கொடியும் மிஞ்சும், மீன் குஞ்சு பொரிக்கும். நர்சரியில் அழகாக இருக்கிறதென்று ஆகாயத்தாமரையை யாராவது வாங்கி வந்திருப்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிக்கொண்டிருக்கும் செடி அது. முதலில், அதை வாங்கவே வாங்காதீர்கள். மிஞ்சிய செடி எதுவானாலும் வெயிலில் சருகாகக் காயவிட்டுத் தென்னம்பாத்தியில் போடுங்கள். கடையில் வாங்கிய மீன் பெருகினால் இன்னொரு தொட்டிக்காரரிடம் கொடுங்கள். ஏரிக்கு மட்டும் எதையும் எடுத்துப் போய் விடாதீர்கள்.